காய்ச்சலுக்குப் பின் வந்த மனநோய்: கிருமிக்கும் நோய் எதிர்ப்பாற்றலுக்கும் இதில் எவ்வளவு பங்கு?

கேள்வி: பத்தொன்பது வயதான என் மகளுக்கு மனச்சிதைவு நோய் என்று மனநல மருத்துவர் கூறியிருக்கிறார். நோய் வெளிப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன் அவளுக்குக் கடும் காய்ச்சல் வந்திருந்தது. அவள் வயிற்றில் இருந்தபோது என் மனைவிக்கும் ஒருமுறை காய்ச்சல் வந்ததுண்டு. வீட்டில் பூனை வளர்க்கிறோம். கிருமித் தொற்றால் மனநோய் வரும் என்று படித்தேன். அது உண்மையா? உண்மையென்றால், கிருமிக்கு மருந்து கொடுத்துக் குணப்படுத்திவிட முடியாதா?

உங்கள் கேள்விக்குள் மூன்று நான்கு கேள்விகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே விடை கிடையாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கிருமித் தொற்றும், அதை எதிர்க்க எழும் உடலின் தற்காப்பு ஆற்றலும் சிலரிடம் கடுமையான மனநோயை நேரடியாகவே உண்டாக்குகின்றன. அத்தகையவர்கள் மொத்த நோயாளிகளில் மிகச் சிலர்தாம். ஆயினும் அவர்களுக்குத் தனிச் சிகிச்சை உண்டு, அதைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து. எஞ்சிய பெரும்பான்மையோரிடம் தொற்று என்பது மரபணு, பிறப்புக்கால இடர்கள், வாழ்க்கை நெருக்கடிகள் போன்ற பல காரணங்களோடு சேர்ந்து நிற்கும் சிறிய காரணம் மட்டுமே. அங்கே கிருமியைத் தேடி மருந்து கொடுப்பதால் பயன் இருப்பதாக இதுவரை நிறுவப்படவில்லை. இந்த இரு பிரிவினரையும் ஒன்றாகக் கருதியதால் மருத்துவம் ஒரு காலத்தில் பெரும் தீங்கு செய்திருக்கிறது.

கிருமியால் மனநோய் வரும் என்பதற்கு மறுக்க முடியாத முதல் சான்று மேகநோய் எனப்படும் சிபிலிஸ். பிரெஞ்சு மருத்துவர் அந்துவான் பேல் 1822இல், மனநல விடுதியில் இறந்த சில நோயாளிகளின் மூளை உறைகளில் நாட்பட்ட அழற்சி இருந்ததைக் கண்டு எழுதினார். அந்நோயாளிகள் தம்மைப் பேரரசர் என்றும் பெருஞ்செல்வர் என்றும் நம்புவார்கள். பிறகு நினைவு மங்கும், நாக் குழறும், கை கால்கள் செயலிழக்கும், சில ஆண்டுகளில் இறந்துபோவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய, அமெரிக்க மனநல விடுதிகள் பலவற்றில் இவர்களின் எண்ணிக்கை மிகப் பெரிதாக இருந்தது. காரணம் குடியா, ஒழுக்கக்கேடா, குடும்பவழி வந்த பலவீனமா என்று ஏறத்தாழ நூறாண்டுகள் விவாதித்தார்கள். சிபிலிஸ் கிருமி 1905இல் கண்டறியப்பட்டது. 1913இல் நொகுச்சி, மூர் என்ற ஆய்வாளர்கள் அதே கிருமியை இந்நோயாளிகளின் மூளைத் திசுவிலேயே காட்டியதும் விவாதம் முடிந்தது. தொற்று ஏற்பட்டுப் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே மனநோய் வெளிப்படும் என்பதால்தான் அத்தனை காலம் ஒருவராலும் இரண்டையும் உறுதியாக இணைக்க முடியவில்லை. வியன்னாவில் வாக்னர்-யவுரெக் என்ற மனநல மருத்துவர் 1917இல் இந்நோயாளிகளுக்கு வேண்டுமென்றே மலேரியாவை ஏற்றி, அந்தக் காய்ச்சலின் சூட்டில் சிலரைத் தேற்றினார். அதற்காக 1927இல் நோபல் பரிசு பெற்றார். அச்சிகிச்சையிலேயே இறந்தவர்களும் உண்டு. 1940களில் பெனிசிலின் வந்தபின் அந்த நோயாளிகள் மனநல விடுதிகளிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போனார்கள். மனநோய் என்று கருதப்பட்ட ஒன்று, காரணம் தெரிந்ததும் தடுக்கக்கூடியதாகவும் குணப்படுத்தக்கூடியதாகவும் மாறிய வரலாறு இது. இன்றைய ஆய்வாளர்கள் பலரின் நம்பிக்கைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அதே காலத்தில், அதே நம்பிக்கை வேறொரு திசையிலும் போயிற்று. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ட்ரென்டன் அரசு மனநல மருத்துவமனையின் தலைவராக 1907 முதல் இருந்த ஹென்றி காட்டன், எல்லா மனநோய்களுக்கும் உடலில் எங்கோ ஒளிந்திருக்கும் சீழ்தான் காரணம் என்று முடிவு செய்தார். நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். குணமாகாவிட்டால் அடிநாக்குச் சதையை அகற்றினார். அதன்பின்னும் குணமாகாதவர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். நூற்றுக்கு 85 பேர் குணமடைகிறார்கள் என்று அவர் அறிவித்தபோது பத்திரிகைகள் கொண்டாடின. பெருங்குடல் அறுவையில் அவரே ஒப்புக்கொண்ட கணக்கின்படி நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர் இறந்தார்கள். ஃபிலிஸ் கிரீனேக்கர் என்ற பெண் மருத்துவர் 1920களின் நடுவில் அந்த மருத்துவமனைக்குச் சென்று நோயாளிகளை ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். காட்டன் அறிவித்த வெற்றி உண்மையல்ல என்று தெரிந்தது. காட்டனின் ஆசிரியரும் அன்றைய அமெரிக்க மனநல மருத்துவத்தின் தலைமகனுமான அடால்ஃப் மேயர் அந்த அறிக்கையை வெளியிடாமல் வைத்துக்கொண்டார். பல்லும் குடலும் இழந்த அந்த மனிதர்களில் பலர் தங்களுக்கு இது வேண்டாம் என்று கதறியிருக்கிறார்கள். மனநோயாளிகள் என்பதால் அவர்கள் சொல் எடுபடவில்லை. காட்டனின் எண்ணம் அன்றைய அறிவியலுக்கு முற்றிலும் புறம்பானதன்று, சிபிலிஸ் கண்டுபிடிப்பின் நிழலிலேயே அது பிறந்தது. ஒரு பிரிவினருக்கு உண்மையானதை ஒப்பீட்டுச் சோதனை எதுவும் இல்லாமல் எல்லோருக்கும் விரித்ததும், விளைவை நேர்மையாக எண்ணாமல் விட்டதுமே தவறு. இன்று இணையத்தில் மனநோய்க்குக் கிருமிக்கொல்லி மருந்துகளையும் குடல் சுத்திகரிப்பையும் பரிந்துரைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு ட்ரென்டன்தான் நினைவுக்கு வருகிறது.

உங்கள் மகளின் வயதையும் நீங்கள் குறிப்பிட்ட காய்ச்சலையும் கருதி, அடுத்து நான் சொல்லும் நோயைப் பற்றி நீங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். 2007இல் நரம்பியல் மருத்துவர் ஜோசப் தால்மாவும் அவருடைய குழுவினரும் டெரட்டோமா என்ற கட்டி இருந்த 12 பெண்களைப் பற்றி எழுதினார்கள்; ஒருவரைத் தவிர எல்லோருக்கும் அது சூலகத்தில் இருந்தது. அவர்களுக்கு மனநோய்க் குறிகள், வலிப்பு, நினைவிழப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை ஏற்பட்டிருந்தன. மூளை நரம்பணுக்கள் ஒன்றிடமிருந்து ஒன்று செய்தி பெற உதவும், அவற்றின் மேல் உள்ள என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்கும் எதிர்ப்பொருள்களை அவர்கள் உடலே உருவாக்கியிருந்தது. அந்தக் கட்டிக்குள் நரம்புத் திசுவும் இருப்பதால், அதை அயலான் என்று கருதி எழுந்த எதிர்ப்பாற்றல் மூளையையும் தாக்கியது. கட்டி இல்லாதவர்களுக்கும், ஆண்களுக்கும், குழந்தைகளுக்கும் என்எம்டிஏ ஏற்பி மூளையழற்சி எனப்படும் இந்நோய் வருவது பின்னர் தெரியவந்தது. மயக்க மருந்தான கெட்டமைன் போன்றவை இதே ஏற்பியை அடைக்கும்போது நலமாக உள்ளவர்களிடமும் மனச்சிதைவைப் போன்ற நிலை சிறிது நேரம் தோன்றுவது முன்பே அறியப்பட்டிருந்ததால், எதிர்ப்பொருள் ஏன் மனநோயை உண்டாக்குகிறது என்பதும் எளிதில் விளங்கிற்று. தொற்றுக்கும் இதற்கும் நேரடி உறவும் உண்டு. ஹெர்பிஸ் வைரஸால் மூளையழற்சி வந்து தேறியவர்களில் சிலருக்குச் சில வாரங்கள் கழித்து இதே எதிர்ப்பொருள்கள் தோன்றி, நோய் இரண்டாம் முறை எழுகிறது. வைரஸ் போய்விட்டிருக்கும், அது தூண்டிவிட்ட எதிர்ப்பாற்றல் அடங்காமல் இருக்கும்.

இந்நோய் பெரும்பாலும் இளம் பெண்களையே பிடிக்கிறது. பலருக்கு முதலில் சளிக்காய்ச்சல் போல ஒன்று, தலைவலியோடு வந்து போகும். ஓரிரு வாரங்களில் தூக்கமின்மை, பயம், காரணமற்ற சந்தேகம், யாரோ பேசுவதுபோல் குரல் கேட்பது, பொருந்தாப் பேச்சு ஆகியவை தொடங்கும். குடும்பத்தார் மனநல மருத்துவரிடமோ, நம் ஊர்களில் அதற்கு முன் கோயிலுக்கோ தர்காவுக்கோ அழைத்துச் செல்வது இந்தக் கட்டத்தில்தான். பிறகு பேச்சு குறைந்துகொண்டே வந்து ஊமைபோல் ஆவது, வாயையும் முகத்தையும் கோணுவது, சிலைபோல் அசையாதிருப்பது, வலிப்பு, நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் காரணமின்றி ஏறி இறங்குவது என்று நிலை முற்றும். 577 நோயாளிகளைத் தொடர்ந்து கண்ட ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் சிகிச்சையும், கட்டி இருந்தால் அதை அகற்றும் அறுவையும் பெற்றவர்களில் ஐந்தில் நான்கு பேர் இரண்டு ஆண்டுகளில் நன்கு தேறினார்கள் என்று அது காட்டியது. சிகிச்சையை விரைந்து தொடங்கியவர்களுக்கு விளைவு மேலும் நன்றாக இருந்தது. அதே ஆண்டில் வந்த மற்றோர் ஆய்வு, 571 பேரில் 23 பேருக்கு மட்டுமே, அதாவது நூற்றுக்கு 4 பேருக்கு மட்டுமே, நரம்பியல் குறி எதுவுமின்றி மனநோய்க் குறிகள் மட்டும் இருந்தன என்றும், அவர்களிலும் பலருக்கு அது நோய் திரும்பி வந்தபோது ஏற்பட்டது என்றும் தெரிவித்தது. மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்த மனச்சிதைவில், நரம்பியல் குறிகள் ஒன்றுகூட இல்லாதபோது, இந்நோய் இருக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு என்று இதிலிருந்து கொள்ளலாம். சில நாட்களிலோ வாரங்களிலோ திடுமென எழுந்த மனநோயில் மேற்சொன்ன குறிகளுள் ஒன்று தெரிந்தாலும், மூளை மின்னலைப் பதிவும் (இஇஜி) முதுகுத் தண்டு நீர்ச் சோதனையும் செய்யாமல் விடக் கூடாது. எதிர்ப்பொருளை இரத்தத்தில் மட்டும் தேடுவது போதாது. நலமாக உள்ளவர்கள் சிலரின் இரத்தத்திலும் அது சிறிதளவு காணப்படலாம், நோயுள்ளவர் சிலரின் இரத்தத்தில் தெரியாமலும் போகலாம்.

நம் நாட்டில் இதோடு வேறு சிலவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. காசநோய் மூளையுறையைத் தாக்கும்போது முதல் சில வாரங்களில் குணமாற்றமும் சோர்வும் மட்டுமே தெரியலாம். தமிழ்நாட்டில் மழைக்குப் பிந்தைய மாதங்களில் மிகுதியாகக் காணப்படும் உண்ணிக் காய்ச்சலும், டைஃபாய்டும் ஜன்னியை உண்டாக்கும். ஜன்னியில் நோயாளிக்கு இடம், நேரம் தெரியாது; கவனம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தெளிந்தும் மங்கியும் மாறிக்கொண்டிருக்கும்; இரவில் மோசமாகும். மனச்சிதைவில் பெரும்பாலும் அப்படியில்லை, அறிவு விழித்திருக்கும்போதே நம்பிக்கைகள் திரிந்திருக்கும். எச்ஐவி, சிபிலிஸ் இரண்டுக்கும் எளிய இரத்தச் சோதனைகள் உள்ளன. முதல்முறை மனநோய் வந்த எவருக்கும் அவற்றைச் செய்துவிடுவது நல்லது என்பதே என் கருத்து. மருந்துகளையும் மறக்கக் கூடாது. காசநோய்க்குக் கொடுக்கப்படும் சைக்ளோசெரின், ஐசோனியசிட் ஆகியவையும், பல நோய்களுக்குக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டும் தாமே மனநோயை உண்டாக்கக்கூடியவை. காய்ச்சலுக்காக உங்கள் மகளுக்கு என்னென்ன மருந்துகள் கொடுக்கப்பட்டன என்ற சீட்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனிப் பெரும்பான்மையோரைப் பற்றி. டென்மார்க்கில் ஒவ்வொரு குடிமகனின் மருத்துவமனைப் பதிவும் பல பத்தாண்டுகளாகச் சேமிக்கப்பட்டிருப்பதால், அந்நாட்டு ஆய்வுகள் இத்துறையில் பெரிதும் மதிக்கப்படுகின்றன. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, தொற்றுக்காக மருத்துவமனைக்குச் சென்றவர்களுக்குப் பின்னாளில் மனச்சிதைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 60 விழுக்காடு அதிகம். உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் நோய்கள் உள்ளவர்களுக்கு 29 விழுக்காடு அதிகம். இரண்டும் சேர்ந்தால் இரு மடங்குக்கும் மேல். 60 விழுக்காடு என்று கேட்டவுடன் அச்சம் எழுவது இயல்புதான். ஆனால் மனச்சிதைவு வாழ்நாளில் ஆயிரத்தில் ஏறத்தாழ ஏழு பேருக்கு வருவது. அதன்மேல் 60 விழுக்காடு என்றால் ஆயிரத்தில் பதினொருவர். மற்ற 989 பேருக்கு அந்தத் தொற்றுக்குப் பிறகும் ஒன்றும் ஆவதில்லை. மேலும், மனநோய்க்கு வழிவகுக்கும் அதே குடும்பச் சூழலும் வறுமையும் மரபணுக்களும் தொற்றுக்கும் வழிவகுக்கலாம். உடன்பிறந்தவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிடும்போது இந்த உறவு வலுவிழப்பதால், தொற்றின் மேல் ஏற்றப்படும் பழியில் ஒரு பகுதியாவது குடும்பத்தின் பொதுக் காரணங்களைச் சேர்ந்தது என்று தெரிகிறது. கோவிட் பெருந்தொற்றில் மனநோய் அதிகரித்ததைக் காட்டும் ஆய்வுகளையும் நான் இந்த எச்சரிக்கையோடுதான் படிக்கிறேன். பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைக் கொண்டு 2022இல் வந்த ஆய்வில், கோவிடுக்குப் பின் பதற்றமும் மனச்சோர்வும் சில மாதங்களில் மற்றவர்களின் அளவுக்கு இறங்கிவிட்டன. மனச்சிதைவு வகை நோய்களின் அபாயம் மட்டும் இரண்டாண்டுகள் கழித்தும் சற்று உயர்ந்தே இருந்தது. அந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கது.

கர்ப்பகாலத்துக் காய்ச்சலைப் பற்றி உங்கள் மனைவி தம்மையே நொந்துகொண்டிருப்பார் என்று ஊகிக்கிறேன். ஆகவே இதைத் தெளிவாகச் சொல்கிறேன். 1957இல் உலகெங்கும் பரவிய இன்ஃப்ளூயன்சாவின்போது ஹெல்சிங்கியில் கருவில் இருந்தவர்களிடையே மனச்சிதைவு அதிகம் காணப்பட்டதாக மெட்னிக் குழுவினர் 1988இல் எழுதியதிலிருந்து இந்தக் கேள்வி சூடுபிடித்தது. பிறகு வெவ்வேறு நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகளில் சில அதை உறுதிப்படுத்தின, பல உறுதிப்படுத்தவில்லை. 1964ஆம் ஆண்டு ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) பெருந்தொற்றில் கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கண்டதில், அவர்களுள் ஐந்தில் ஒருவருக்கு மேல் மனச்சிதைவு வகை நோய்கள் வந்தன. ரூபெல்லா கருவின் மூளைக்குள்ளேயே புகுந்து சிதைக்கும் வைரஸ். பலருக்குச் செவியும் பார்வையும் கெட்டிருந்தன. சாதாரணக் காய்ச்சலோடு அதை ஒப்பிடக் கூடாது. இன்னொரு டேனிய ஆய்வில், தாய்க்குக் கர்ப்பத்துக்கு முன்போ பின்போ வந்த தொற்றுக்கும் கர்ப்பத்தின்போது வந்த தொற்றுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு தொடர்புதான் காணப்பட்டது. கருவில் நேர்ந்த பாதிப்பே காரணமென்றால் அப்படி இருக்க முடியாது. ஆகவே, அன்றைய காய்ச்சலால்தான் மகளுக்கு இந்நோய் வந்தது என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் ஆதாரம் இல்லை. உங்கள் மனைவியை அந்த எண்ணத்தோடு வாழ விடாதீர்கள்.

பூனையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் குடலில் பெருகுகிறது. உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் என்றோ ஒருநாள் அதன் தொற்றைப் பெற்றிருக்கிறார்கள், பெரும்பாலும் அரைவேக்காட்டு இறைச்சி, மண், அசுத்த நீர் வழியாக. டோரி, யோல்கன் என்ற ஆய்வாளர்கள் தொகுத்த ஆய்வுகளில் மனச்சிதைவு உள்ளவர்களிடம் இத்தொற்றின் தடயம் இரண்டரை மடங்குக்கும் மேலாகத் தெரிந்தது. ஆனால் நியூசிலாந்தின் டனிடின் நகரில் பிறந்ததிலிருந்தே தொடர்ந்து கண்காணிக்கப்பட்டவர்களிடம் 2016இல் பார்த்தபோது தொடர்பு ஏறக்குறைய இல்லை. பூனையை விரட்ட வேண்டியதில்லை. அதன் கழிவை அள்ளியபின் கையைக் கழுவினால் போதும், கருவுற்ற பெண்கள் மட்டும் அந்த வேலையைச் செய்யாமல் தவிர்க்கட்டும்.

எதிர்ப்பாற்றலுக்கு மனச்சிதைவில் பங்கு இருக்கிறது என்று நான் கருதுவதற்கு இவற்றைவிட வலுவான காரணம் மரபணு ஆய்வுகளில் இருக்கிறது. மனச்சிதைவோடு தொடர்புடைய மரபணுப் பகுதிகளுள் மிக அழுத்தமான அடையாளம் ஆறாம் குரோமோசோமில், நோய் எதிர்ப்புக்குரிய மரபணுக்கள் செறிந்த இடத்தில் கிடைத்தது. அங்குள்ள சி4 என்ற மரபணுவின் சில வடிவங்களே அந்த அடையாளத்தின் ஒரு பகுதிக்குக் காரணம் என்று மக்கரோல், ஸ்டீவன்ஸ் குழுவினர் 2016இல் காட்டினார்கள். இரத்தத்தில் கிருமிகள்மேல் ஒட்டி, இதை அழிக்கலாம் என்று குறியிடுவது சி4 புரதத்தின் வேலை. மூளையில் அதே புரதம் நரம்பு இணைப்புகளின்மேல் குறியிட, மூளையிலேயே வாழும் காவல் அணுக்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. தோட்டக்காரர் வேண்டாத கிளைகளைக் கழிப்பதுபோல் வளரிளம் பருவத்தில் மூளை தன் இணைப்புகளைக் கழித்துச் சீராக்குகிறது. அந்தக் கழிப்பு அளவு மீறினால் மனச்சிதைவுக்கு வழி ஏற்படலாம் என்பது இப்போதைய கருத்து. நோய் ஏன் பதினைந்து முதல் முப்பது வயதுக்குள்ளேயே பெரும்பாலும் தொடங்குகிறது என்பதற்கும் இது ஓரளவு பொருந்துகிறது. எதிர்ப்பாற்றல் இங்கே கிருமியோடு போரிடவில்லை. மூளை வளர்ச்சியின் வழக்கமான வேலையைத்தான் செய்கிறது. ஆகவே எதிர்ப்பாற்றலுக்குப் பங்கு உண்டு என்பதை வைத்து எங்கோ ஒரு கிருமி இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. இணையக் கட்டுரைகள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

சிகிச்சை முயற்சிகளின் விளைவுகளும் இதையே காட்டுகின்றன. மினோசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்துக்கு அழற்சியைத் தணிக்கும் ஆற்றலும் உண்டு. சிறு ஆய்வுகளில் அது மனச்சிதைவுக்கு நல்லது செய்வதாகத் தெரிந்தது. பிரிட்டனில் 207 பேரிடம் ஓராண்டு சோதித்து 2018இல் முடிவு வெளியிட்டபோது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. கடும் மனச்சோர்வு உள்ள 60 பேருக்கு அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் கொடுத்துப் பார்த்ததில், மொத்தத்தில் பயன் இல்லை. இரத்தத்தில் அழற்சியின் அளவு முன்பே உயர்ந்திருந்தவர்களிடம் மட்டும் பயன் இருக்கக்கூடும் என்ற அறிகுறி தென்பட்டது. மறுபுறம், ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு, எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இன்டர்ஃபெரான் ஊசி போட்டவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு வந்ததை மருத்துவர்கள் பல ஆண்டுகள் கண்டிருக்கிறார்கள். எதிர்ப்பாற்றலைத் தூண்டினால் மனம் மாறும் என்பதில் ஐயமில்லை. யாருக்கு அழற்சி உண்மையில் பங்கு வகிக்கிறது என்று முன்கூட்டியே பிரித்தறியும் சோதனை வந்தால்தான் இந்த மருந்துகளுக்கு இடம் கிடைக்கும் என்று நான் நினைக்கிறேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. காய்ச்சலுக்கும் மனநோய்க்கும் இடையே எத்தனை நாட்கள், காய்ச்சலுக்கு முன்பே படிப்பிலும் பழக்கத்திலும் மாற்றம் இருந்ததா, வலிப்பு வந்ததா, பேச்சு நின்றுபோனதா, முகத்திலோ கையிலோ விநோத அசைவுகள் இருந்தனவா, மனநோய் மருந்தைத் தொடங்கியதும் உடல் மிகவும் விறைத்துக் காய்ச்சல் கண்டதா என்று தேதிகளோடு எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். வலிப்பு முதல் விறைப்புவரை உள்ள குறிகளில் ஒன்றுக்கேனும் ஆம் என்ற விடை வந்தால், நரம்பியல் மருத்துவரும் பார்க்க வேண்டும் என்று நீங்களே தயங்காமல் கேளுங்கள்; அப்படிக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. காய்ச்சலுக்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே அவள் தோழிகளை விட்டு விலகி, தனக்குள் பேசத் தொடங்கியிருந்தாள் என்றால், காய்ச்சல் பெரும்பாலும் தற்செயலானதே. எந்த நிலையிலும் இப்போது கொடுக்கப்படும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கியும் கொடுக்காதீர்கள். பின்னாளில் அவளுக்குக் குளோசபின் என்ற மனநோய் மருந்து தேவைப்பட்டால், தொற்றைப் பற்றிய கவனம் இரட்டிப்பாக வேண்டும்: அம்மருந்து சிலருக்கு வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைக்கும், கடும் தொற்றின்போது அம்மருந்தின் அளவும் இரத்தத்தில் தானாகவே உயரும். ஆகவே அதை உட்கொள்பவருக்குக் காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே வெள்ளணு எண்ணிக்கையைச் சோதித்துவிட்டு மனநல மருத்துவருக்கும் தெரிவிக்க வேண்டும்.